மண்ணாத்தாள் வாங்காத முன்பங்கு

ஈச்சமலைக் காட்டுக்கு மண்ணாத்தாள் புதிது. அவள் ஒரு காட்டுப்பன்றி. வேறு மலையிலிருந்து வந்தவள். மாசி மாதம் மூங்கில் புதருக்குள் ஐந்து குட்டிகளைப் போட்டாள். ஐந்தின் முதுகிலும் நீள நீளமாக வெளிர் கோடுகள் ஓடின. குட்டிகளின் அப்பன் எங்கே என்று கேட்காதீர்கள். காட்டுப்பன்றிக் கிடாக்கள் குடும்பம் நடத்தும் லட்சணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அந்த ஆண்டு கோடை முன்னதாகவே வந்துவிட்டது. பங்குனியிலேயே குட்டை வற்றிச் சேறாகிப்போனது. மண் கல்லாக இறுகியது. விடிந்ததிலிருந்து மூக்கால் முட்டி முட்டித் தோண்டினாலும் மண்ணாத்தாளுக்கு நாலு கிழங்குதான் தேறியது. தாய்க்கே பற்றவில்லை என்றால் மடியில் பால் எங்கிருந்து வரும்? கடைசிக் குட்டியின் பெயர் கடுகு. மற்ற நாலும் முண்டியடித்துக் குடித்த பிறகு மிஞ்சுவதுதான் அவனுக்கு. பல நாள் ஒன்றும் மிஞ்சாது.

ஈச்சமலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விலங்கானாலும் பத்துக் கிழங்கு கிடைத்தால் ஒன்றைப் பொதுக்குழியில் போட வேண்டும். குழி மொட்டைப்பாறைக்கு அடியில் இருந்தது. அதற்குக் காவல் கரடியார். தை மாதம் கணக்கு நாள். அன்று குட்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் பாறைக்கு வர வேண்டும். கரடியார் குட்டிகளை எண்ணி, தலைக்கு இத்தனை என்று குழியிலிருந்து எடுத்துப் பங்கு கொடுப்பார்.

பங்குனி கடைசியில் ஒரு நாள் மரங்கொத்தி பட்ட மரத்தில் ஏறி உட்கார்ந்து டக் டக் டக்கென்று கொட்டியது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இந்த வருஷம் வறட்சி! தையில கொடுக்கிற குட்டிப் பங்குல பாதிய இப்பவே மாசா மாசம் கொடுக்கணும்னு யானைப் பெரியவர் உத்தரவு! குட்டிக்கு மாசம் பத்துக் கிழங்கு முன்பங்கு! வேணுங்கிறவங்க கரடியார்கிட்ட வாங்கிக்கலாம்! வேணாங்கிறவங்க தையில மொத்தமா வாங்கிக்கலாம்! ஆனா தைக் கணக்குல குட்டி குறைஞ்சா, அந்தக் குட்டிக்கு வாங்கினத திருப்பிக் கொடுக்கணும்!"

மண்ணாத்தாள் முழுவதையும் கேட்டாள். ஆனால் அவள் மனதில் தங்கியது கடைசி வார்த்தை மட்டும்தான். திருப்பிக் கொடுக்கணும்!

அவள் பிறந்த மலையில் பன்றிகளுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. முதுகில் கோடு இருக்கும்வரைதான் குட்டி. கோடு அழிந்த அன்று தாயே மூக்கால் தள்ளிவிட்டு, "போ, இனிமே நீ குட்டி இல்ல" என்று சொல்லிவிடுவாள். கோடு ஆடி மாதத்துக்குள் அழிந்துவிடும். அப்படியானால் தையில் கரடியார் எண்ண வரும்போது ஐந்தும் வெறும் முதுகோடு நிற்குமே! 'குட்டி எங்கே?' என்று அவர் கேட்டால் எதைக் காட்டுவது? மாதம் ஐம்பது கிழங்கு. பத்து மாதத்துக்கு ஐந்நூறு! 

அந்த நேரம் பார்த்துத் துள்ளம்மா என்ற முயல் அந்தப் பக்கமாகக் குதித்து வந்தாள்.

"மதினி! முன்பங்கு வாங்கப் போகலையா? நான் எட்டுப் பிள்ளைக்குச் சொல்லி வச்சாச்சு!"

"எட்டா? உனக்கு நாலுதானே!"

"வயித்துல நாலு இருக்கே! அதையும் சேர்த்துதான்!"

"அதெல்லாம் நல்லபடியாப் பிறக்கலேன்னா? தையில திருப்பச் சொல்வாகளே!"

"தைக்கு இன்னும் எத்தன நாள் கெடக்கு மதினி! அப்பப் பாத்துக்கலாம்!" என்று துள்ளம்மா ஒரே தாவாகத் தாவிப் போய்விட்டாள்.

மண்ணாத்தாளுக்குப் பயம் இன்னும் கூடியது. இப்படி விளையாட்டாக வாங்கிவிட்டுத்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். கரடியாரிடமே போய்க் கேட்டுவிடலாமா? ஒரு முறை பாறை வரைக்கும் போனாள். உள்ளேயிருந்து உறுமல் கேட்டது. வாசலில் மண்ணைப் பிறாண்டிய நகத் தடம் கிடந்தது. ஒவ்வொரு நகமும் அவள் கடுகின் கால் நீளம்! போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் ஊசியப்பன் எதிர்ப்பட்டான். ஊசியப்பன் ஒரு முள்ளம்பன்றி. பக்கத்து மேட்டில் வளை. வீட்டில் மூன்று குட்டிகள். நடந்தால் முள் சலசலக்கும், பேச்சு மட்டும் வழுவழுவென்று இருக்கும்.

"என்ன தங்கச்சி, முகமெல்லாம் வேர்த்துப் போச்சு?"

"முன்பங்கு வாங்கலாமா வேணாமான்னு ஒரே குழப்பமா இருக்குண்ணே."

ஊசியப்பன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"நீ வெளியூர்க்காரி, உனக்குத் தெரியாது. சொல்றேன் கேளு. பத்து வாங்கினா இருபதாத் திருப்பணும்! கொடுக்க முடியலேன்னு வையி, கரடி நேரா வீட்டுக்கு வந்துரும். புதரப் பிய்ச்சு எறிஞ்சுட்டு, குறையிற கிழங்குக்குப் பதிலாப் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிரும்!"

"ஐயோ! நெசமாவா?"

"நான் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? நான் அந்தக் குழிப் பக்கமே போறதில்ல. அதுசரி, உன் பிள்ளைகளுக்குக் கோடு எப்ப அழியும்?"

அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் போய்க் குத்தியது. அவள் பயந்துகொண்டிருந்ததையே அவனும் கேட்டுவிட்டானே! அப்படியானால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அன்றிலிருந்து அவள் மொட்டைப்பாறை இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

சித்திரை பிறந்தது. வெயில் காட்டையே வறுத்தது. மண்ணாத்தாளின் மடி சுருங்கித் தொங்கியது. கடுகு எழுந்து நின்றால் பின்னங்கால் மடங்கிக் கீழே உட்கார்ந்துவிடுவான். ஒரு நாள் பால் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. தாய் மூக்கால் புரட்டிவிட்டாள். அவன் கண்ணை மட்டும் திறந்து பார்த்தான்.

வேறு வழி தெரியாமல் அவள் ஊசியப்பன் வளைக்கு ஓடினாள்.

"அண்ணே! ஏதாவது கிழங்கு இருந்தாக் கொடுங்கண்ணே! மழை பெய்ஞ்சதும் திருப்பித் தந்துர்றேன்!"

"அழாத தங்கச்சி. அண்ணன் இருக்கேன்ல! முப்பது கிழங்கு எடுத்துக்கோ. கணக்கு கிணக்கு ஒண்ணும் வேணாம். ஆடி மழை வர்ற வரைக்கும் உன் மூத்த பிள்ளைக ரெண்டையும் இங்க விட்டுட்டுப் போ. எனக்குக் கூடமாட வளை தோண்டட்டும்."

"பச்சப் பிள்ளைகண்ணே!"

"கரடி தூக்கிட்டுப் போறதுக்கு இது மேல் இல்லையா?"

மண்ணாத்தாள் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து விட்டாள். மூத்தவர்கள் குண்டானும் முரடனும் ஊசியப்பன் பின்னால் வளைக்குள் போனார்கள். "அம்மா, எப்ப வருவ?" என்று முரடன் திரும்பிப் பார்த்துக் கேட்டான். அவள் குனிந்து கிழங்கைப் பொறுக்கத் தொடங்கினாள். முப்பது கிழங்கையும் வாயில் கவ்விக் கவ்வி ஏழெட்டு நடையாக வீடு கொண்டுவந்து சேர்த்தாள். கிழங்கின் மேல் சாம்பல் அப்பியிருந்தது. கடுகு முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மினான்.

முப்பது கிழங்கு எத்தனை நாளைக்கு வரும்? பத்து நாளில் தீர்ந்துவிட்டது. அவளுக்கு மடியில் கொஞ்சம் பால் சுரந்து, மறுபடியும் வற்றிவிட்டது.

வைகாசியில் அவள் பயந்தது நடக்கத் தொடங்கியது. குட்டிகளின் முதுகில் கோடுகள் மங்கின. மண்ணாத்தாள் ஒவ்வொரு நாள் காலையிலும் குட்டிகளைக் குப்புறப் படுக்கவைத்துக் கோட்டை எண்ணிப் பார்த்தாள். குட்டிகள் மரத்தில் முதுகை உரசினால் ஓடிப்போய் இழுத்தாள்.

"உரசாதீங்க! கோடு போயிரும்!"

"அரிக்குதும்மா!"

"அரிச்சாப் பொறுத்துக்கோங்க!"

முன்பங்கு வாங்கவே இல்லை. அப்புறம் கோடு அழிந்தால் என்ன, அழியாவிட்டால் என்ன? ஆனால் பயம் பிடித்தவளுக்கு அதெல்லாம் தோன்றுமா! காய்ந்த சருகு நொறுங்கினால்கூடக் கரடி வந்துவிட்டது என்று குட்டிகளை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் அந்தச் சருகுச் சத்தம் துள்ளம்மாவுடையதாக இருந்தது. தேக்கிலையில் கிழங்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் கடுகைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்ன மதினி, பிள்ள இப்படிக் கெடக்கு! இந்தா, ரெண்டு கிழங்கு வச்சுக்கோ."

மண்ணாத்தாள் வாங்கிப் பார்த்தாள். கிழங்கின் மேல் சாம்பல் அப்பியிருந்தது.

"இது என்ன சாம்பல்?"

"பொதுக்குழிக் கிழங்கு மதினி. பூச்சி அரிக்காம இருக்கக் கரடியார் சாம்பல்ல புரட்டித்தானே வைப்பாரு! வேற யாரு மெனக்கெட்டுச் சாம்பல் பூசுறா?"

"ஊசியப்பண்ணன் கொடுத்த கிழங்குலயும் சாம்பல் இருந்துச்சே!"

"இருக்காதா பின்னே? அவன்தானே முதல் நாளே வந்து முதல் ஆளா நின்னு வாங்கினான்! மாசம் தவறாம வர்றான்!"

மண்ணாத்தாளுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. குழிப் பக்கமே போவதில்லை என்றவன் குழிக் கிழங்கைக் கொடுத்துத்தான் அவள் பிள்ளைகளை வாங்கியிருக்கிறான்! அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாள் பயமும் அந்தக் கோபத்துக்கு முன்னால் நிற்கவில்லை. கடுகை வாயில் மெதுவாகக் கவ்விக்கொண்டு, மற்ற இரண்டையும் பின்னால் வரச் சொல்லிவிட்டு, நேராக மொட்டைப்பாறைக்கு நடந்தாள்.

பாறையை நெருங்க நெருங்கக் கோபம் குறைந்தது. பயம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளேயிருந்து கரடியார் வெளியே வந்தார். அவர் வந்ததும் வெயிலே மறைந்துபோனது. இரண்டு குட்டிகளும் தாயின் பின்னங்காலைக் கட்டிக்கொண்டன.

"என்ன தாயி?" குரல் கல் உருளுவதுபோல் இருந்தது.

மண்ணாத்தாள் கடுகைக் கீழே வைத்தாள்.  திக்கித் திக்கிக் கேட்டாள்.

"ஐயா... தையில இவுகளுக்கு முதுகுல கோடு இருக்காதே..."

"கோடா? எந்தக் கோடு?"

"குட்டிக் கோடுய்யா. கோடு போனாக் குட்டி இல்லையே!"

கரடியார் குனிந்து குட்டிகளின் முதுகைப் பார்த்தார்.

"கோட்ட யாரு தாயி பார்க்கா? அப்படி எண்ணினா மான் கிழவியெல்லாம் புள்ளியக் காட்டிக்கிட்டு வந்து நிப்பாளே! பிறந்து வருஷம் திரும்பலேன்னாக் குட்டிதான். உன் பிள்ளைக எப்பப் பிறந்துச்சு?"

"மாசியில."

"தைக்கு எத்தன மாசம்?"

மண்ணாத்தாள் எண்ணினாள். "பதினொண்ணு."

"அப்பக் குட்டிதானே!"

அவள் குட்டிகளின் முதுகை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு அடுத்த பயத்தைக் கேட்டாள்.

"பத்து வாங்கினா இருபதாத் திருப்பணுமாமே?"

"பத்து வாங்கினாப் பத்து. அதுவும் பிள்ள இல்லாமப் போனாத்தான். ஒரே நாள்ல முடியலேன்னாக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடு."

"கொடுக்காட்டிப் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவீகளாமே?"

கரடியாரின் முகம் இறுகியது. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"யாரு சொன்னது?"

மண்ணாத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள். சாம்பல் கிழங்கையும் சொன்னாள், குண்டானையும் முரடனையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

"மரங்கொத்தி சொன்ன அன்னைக்கே வந்து இதக் கேட்டிருக்கலாமே தாயி?"

"பயமா இருந்துச்சுய்யா."

கரடியார் குழிப் பக்கம் திரும்பினார். குழிக்குள் கையை விட்டார்.

"எத்தன பிள்ளைக்கு முன்பங்கு வேணும்?"

"நாலுய்யா."

"அஞ்சுன்னு சொன்னாங்களே?"

மண்ணாத்தாள் கீழே கிடந்த கடுகைப் பார்த்தாள். அவன் விலா எலும்புகள் ஏறி இறங்கின. அவனுக்குக் காது கேட்டுவிடக்கூடாதே என்று அவள் குரலைக் குறைத்தாள்.

"இவன் தை வரைக்கும் இருப்பானான்னு தெரியல. இல்லாமப் போயிட்டாத் திருப்பணுமே..."

"திருப்பினாத் திருப்பு! தையில இருப்பானா மாட்டானாங்கிறது தையில தெரியும். அவன் இன்னைக்குச் சாப்பிட வேணாமா?"

மண்ணாத்தாளுக்குச் சுருக்கென்றது. உயிரோடு கிடக்கும் பிள்ளையைத் தாயே கணக்கிலிருந்து எடுத்துவிட்டாளே!

"அஞ்சு!" என்று அவள் கத்தினாள். "அஞ்சுய்யா! எனக்கு அஞ்சு பிள்ள!"

கரடியார் ஐம்பது கிழங்கை எண்ணி வைத்தார். பிறகு அவளோடு மேட்டுக்கு நடந்தார். அவர் நிழல் வளை வாசலில் விழுந்ததுமே ஊசியப்பன் முள்ளெல்லாம் சிலிர்க்க வெளியே வந்தான்.

"நான்... சும்மா... உதவிக்குத்தான்..."

"உன் பங்குக் கிழங்க நீ யாருக்கு வேணும்னாலும் கொடு. அதுக்குப் பதிலாப் பிள்ளையப் பிடிச்சு வைக்க இந்தக் காட்டுல யாருக்கும் உரிமை இல்ல. அதுக ஒரு மாசம் தோண்டினதுக்கும் உன் முப்பதுக்கும் சரியாப் போச்சு. வெளிய விடு!"

குண்டானும் முரடனும் வெளியே வந்தார்கள். இரண்டு பேர் மூக்கும் தோல் உரிந்து சிவந்திருந்தது. மண்ணாத்தாள் நக்கி நக்கிக் கொடுத்தாள்.

அன்று வீட்டில் ஐந்து பேரும் சாப்பிட்டார்கள். கடுகுக்கு அவள் கிழங்கை மென்று கூழாக்கி ஊட்டினாள். அவன் கொஞ்சம் விழுங்கினான். மறுநாள் இன்னும் கொஞ்சம் விழுங்கினான். ஒரு நாள் எழுந்து நின்றான். அண்ணன்மார் கத்திக் குதித்தார்கள். ஆனி பிறந்ததும் மண்ணாத்தாள் போய் அந்த மாதத்துக்கும் ஐம்பது வாங்கி வந்தாள். இந்த முறை கரடியாரிடம் சிரித்துக்கூடப் பேசினாள்.

ஆனால் கடுகு பட்டினி கிடந்தது இரண்டு மாதம். சின்ன உடம்பு அதைத் தாங்கவில்லை. ஆனி பாதியில் ஒரு மத்தியானம் தாயின் மடியில் மூக்கை வைத்தபடி அடங்கிப்போனான். அப்போது மடியில் பால் இருந்தது. அவன் முதுகில் கோடும் இருந்தது.

தை வந்தது. நல்ல மழை பெய்து காடு பச்சைப்பசேலென்று இருந்தது. கணக்கு நாளன்று மொட்டைப்பாறையில் ஒரே கூட்டம். துள்ளம்மா வந்தாள். வயிற்றில் இருந்த நாலில் பிறந்தது இரண்டுதான். பிறக்காத இரண்டுக்கு வாங்கியதைச் சித்திரை வரைக்கும் சுமந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டதும் காது இரண்டும் தொங்கிப்போய்விட்டன. ஊசியப்பன் வந்து யார் முகத்தையும் பார்க்காமல் தன் பங்கை வாங்கிக்கொண்டு போனான்.

மண்ணாத்தாள் நாலு பிள்ளைகளோடு வந்து நின்றாள். நாலுக்கும் கோடு இல்லை. கரடியார் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார்.

"குட்டி நாலு. அஞ்சாவது பிள்ளைக்கு வாங்கினது ரெண்டு மாசம். இருபது கிழங்கு திருப்பணும் தாயி."

"இருபதா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மண்ணாத்தாள் பாறைக்குப் பின்னால் இருந்த ஈரமண்ணுக்குப் போனாள். மூக்கை வைத்தாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. வெயில் ஏறுவதற்குள் இருபது கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டாள். அதைக் கரடியாரின் காலடியில் கொண்டுவந்து போட்டாள். அந்தக் குவியல் கடுகின் உயரம்கூட இல்லை.

"இதுக்காய்யா பயந்தேன்?" என்று கேட்டுவிட்டு, அத்தனை விலங்குகளுக்கும் நடுவில் நின்று ஓவென்று அழுதாள்.

கொடுக்க வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர் பிறகு சுமக்க வேண்டியிருக்கும். ஆனால் விவரம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பயந்து ஒதுங்குகிறவர் திருப்ப முடியாததையே இழந்துவிடுவார்.